டியூஸ்பெர்க் எட்டிப் பார்க்காத தொழுவம்

எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. காரணமில்லை என்று சாதித்த மனிதர் என்ற அளவில்தான் பீட்டர் டியூஸ்பெர்க்கின் பெயர் பலருக்குத் தெரியும். அந்தச் சாதிப்பை உடைத்து எழுதியவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 1987 மார்ச்சில் 'கேன்சர் ரிசர்ச்' இதழில் அவர் எழுதிய நெடுங்கட்டுரையைப் புரட்டினால், எய்ட்ஸ் அதில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பகுதி என்பது விளங்கும். கட்டுரையின் பெரும்பகுதி கோழியையும் எலியையும் பூனையையும் மாட்டையும் பற்றியது. விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகச் சொல்லப்படும் ரெட்ரோவைரஸ்கள் அப்படி எதையும் உண்டாக்குவதில்லை, அவை உடம்பில் தங்கியிருக்கும் வெறும் பயணிகள் என்பது அங்கே அவர் போடும் அஸ்திவாரம். விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத வைரஸ் குடும்பம் மனிதரை மட்டும் எப்படிக் கொல்லும் என்ற மாடி அதன்மேல் எழுகிறது. மாடியை இடித்தவர்கள் அஸ்திவாரத்தை விட்டுவிட்டார்கள். அதனால்தான் 2021இல் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், எந்தப் பக்கமும் சாயவில்லை என்று சொல்லிக்கொண்டே, அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் ஃபவுச்சியைத் தாக்கும் தம் நூலில் டியூஸ்பெர்க்குக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்க முடிந்தது. அந்த நூலாசிரியர் 2025இல் அமெரிக்காவின் சுகாதாரத் துறைச் செயலாளரும் ஆகிவிட்டார். ஆகவே இது ஆறிப்போன சண்டை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

டியூஸ்பெர்க் ஒன்றும் தெரியாதவர் அல்லர். அதுதான் இந்த விவகாரத்தில் மன்னிக்க முடியாத பகுதி. 1911இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் பெய்டன் ரவுஸ் ஒரு பிளிமத் ராக் கோழியின் மார்புக் கட்டியை அரைத்து, செல் எதுவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றால் இன்னொரு கோழிக்குக் கட்டியை வரவழைத்துக் காட்டினார். அந்தச் சாற்றிலிருந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை 1970இல் பிரித்து அளந்து, புற்று உண்டாக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ. நீளமானது, அந்தத் திறனை இழந்த வைரஸின் ஆர்.என்.ஏ. குட்டையானது என்று காட்டியவர்கள் டியூஸ்பெர்க்கும் பீட்டர் வோக்ட்டும்தான். அந்த நீள வித்தியாசத்துக்குள் ஒளிந்திருந்த துண்டுதான் 'சார்க்' மரபணு. அழகான கண்டுபிடிப்பு, ஐயமே இல்லை. ஆனால் அந்த அழகில் அவர் மயங்கிப்போனார். துண்டு இருந்தால் புற்று, துண்டு இல்லாவிட்டால் புற்று இல்லை என்ற தம் ஆய்வுக்கூட முடிவை அவர் உலகச் சட்டமாக்கினார். அந்தச் சட்டத்துக்கு அடங்காத கோழிப்பண்ணையும் மாட்டுத்தொழுவமும் ஆட்டுப்பட்டியும் பொய் சொல்கின்றன என்று முடிவுகட்டினார். 1987 கட்டுரையின் ஒவ்வொரு வாதமும் இந்த ஒரே பிடிவாதத்தின் வேறுவேறு வேஷம்.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். கோழிகளின் லூக்கோசிஸ் வைரஸில் 'சார்க்' போலச் செல்லிடமிருந்து திருடப்பட்ட புற்று மரபணு எதுவும் கிடையாது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளத் தேவையான மரபணுக்கள் மட்டுமே உண்டு. அது தொற்றிய சில நாட்களில் கோழியின் உடம்பெங்கும் பெருகிவிடுகிறது. நிணநீர்ப் புற்றோ நான்கு மாதத்துக்குப் பிறகே தலைகாட்டுகிறது. பெருக நாட்கள், புற்றுக்கு மாதங்கள் என்றால் பெருகுவதற்கும் புற்றுக்கும் தொடர்பில்லை என்பது டியூஸ்பெர்க்கின் தீர்ப்பு. சளிக்காய்ச்சலுக்குப் பொருந்தும் அளவுகோலைப் புற்றுநோயின்மேல் வைக்கும் இந்தக் காரியத்தை ஒரு மாணவர் செய்தால் திருத்தி அனுப்பலாம். பெர்க்லியின் பேராசிரியர், அதுவும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி 1986இல் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தவர் செய்தால் என்ன சொல்வது?

அவர் இதை எழுதுவதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1981இல், ஹேவர்ட், நீல், ஆஸ்ட்ரின் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் கட்டிகளைத் திறந்து விடையை எடுத்து வைத்துவிட்டார்கள். பெரும்பாலான கட்டிகளில் வைரஸின் டி.என்.ஏ. பிரதி, அதாவது புரோவைரஸ், செல் பெருக்கத்தைத் தூண்டும் 'மிக்' என்ற கோழி மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. வைரஸின் இரு முனைகளிலும் உள்ள எல்.டி.ஆர். எனும் முடுக்கிகள் அடுத்த வீட்டு மரபணுவையும் சேர்த்து முடுக்கிவிட்டிருந்தன. ரெட்ரோவைரஸ் ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு இடத்தில் நுழைகிறது. கோழியின் மரபணுத் தொகுதியோ நூறு கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்டது. அதில் 'மிக்'கை ஒட்டிய சில ஆயிரம் எழுத்துகளுக்குள் போய் விழுவது சில லட்சத்தில் ஒரு வாய்ப்பு. லட்சக்கணக்கான செல்களில் தொற்று பரவிய பிறகே அந்த வாய்ப்பு கைகூடும். கைகூடிய செல்லிலும் அடுத்தடுத்து வேறு மாற்றங்கள் சேர வேண்டும். தாமதம் இந்தக் கோட்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை; இந்தக் கோட்பாடே முன்கூட்டிச் சொல்லும் விளைவு அது. இடைப்பட்ட மாதங்களில் என்ன நடக்கிறது என்பதும் இருட்டில் இல்லை. நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் கோழியின் பர்சா எனும் நிணநீர் உறுப்பில் உருமாறிய நுண்பைகள் பலவற்றைப் பார்க்க முடிகிறது. அவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிட, ஒன்றோ இரண்டோ கட்டியாக வளர்கின்றன. பர்சாவை உரிய காலத்துக்குள் அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் புற்றே வருவதில்லை.

இங்கே அவர் இன்னொரு வாசல் வழியாக ஓடப் பார்க்கிறார். கட்டி ஒவ்வொன்றும் ஒரே செல்லின் வம்சம், வைரஸோ எல்லா செல்களிலும் இருக்கிறது. எனவே அந்த ஒரு செல்லில் நடந்தது வைரஸ் சாராத வேறு ஏதோ, குரோமோசோம் குழப்பம்தான் என்கிறார். கட்டியின் எல்லா செல்களிலும் புரோவைரஸ் அதே இடத்தில் இருப்பது, அந்த நுழைவு நடந்த பிறகே வம்சம் பெருகியது என்பதற்குச் சான்று. நுழைந்த இடம் தற்செயல் என்றால், ஒன்றோடொன்று உறவில்லாத கோழிகளின் கட்டிகளில் அது மீண்டும் மீண்டும் 'மிக்' பக்கத்திலேயே ஏன் அகப்படுகிறது? சிவப்பணுப் புற்று வந்த கோழிகளில் ஏன் 'மிக்'கை விட்டு 'எர்பி' மரபணுவுக்குப் போகிறது? வெறும் பயணி ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் இருக்கையிலேயே எப்படி அகப்படுவார்? எல்லாக் கட்டியிலும் 'மிக்' இல்லையே என்பது அவருடைய எஞ்சிய முணுமுணுப்பு. புற்றுக்குப் போகும் வழி ஒன்றுதான் என்று அவரைத் தவிர யார் சொன்னார்கள்?

சரி, மூலக்கூறு விவரங்கள் எல்லாம் பின்னால் கட்டிய கதை என்று ஒருவர் அடம்பிடிக்கலாம். அவருக்கும் கோழியே பதில் வைத்திருக்கிறது. லூக்கோசிஸ் வைரஸின் 'ஏ' உட்பிரிவு செல்லுக்குள் நுழையும் கதவு 'டிவிஏ' என்ற புரதம். ஆய்வுக்கோழிகளில் 'சி' என்று பெயரிட்ட ஒரு வம்சத்தில் அந்தப் புரதத்தின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவ்வளவில் அந்த வைரஸ் அந்தக் கோழிகளுக்குள் புக முடிவதில்லை. பிராகாவில் 2020இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். கறிக்கோழி இனங்களைச் சூறையாடிய 'ஜே' உட்பிரிவின் கதவு 'என்எச்இ1' என்ற புரதம். அதில் 38ஆவது இடத்தில் உள்ள டிரிப்டோபேன் எனும் ஒரே அமினோ அமிலத்தைக் கிரிஸ்பர் கத்தரியால் நீக்கிக் கோழிகளைப் பிறப்பித்தார்கள். 'ஜே' வைரஸால் அந்தக் கோழிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. குரோமோசோம்கள் குழம்புவதற்கு அந்தக் கோழிகளுக்கு எந்தத் தடையும் இல்லை. வைரஸின் கதவு ஒன்றுதான் அடைபட்டது. நோய்க்குக் காரணம் எது என்று ஒரு கோழி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

மாட்டுக்கு வருவோம். டியூஸ்பெர்க் மிகுந்த நம்பிக்கையோடு நிற்கும் இடம் இது. மாட்டு லுகேமியா வைரஸ் 1969இல் கண்டறியப்பட்டது. தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க நோயில்லாமல் நடமாடுகின்றன. மூன்றில் ஒரு பங்குக்கு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் நிலையாகக் கூடுகின்றன. நிணநீர்க் கட்டி வருவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கணக்கு. கட்டியிலோ வைரஸ் புரதம் ஏறக்குறைய அகப்படுவதே இல்லை. உற்பத்தியை நிறுத்திவிட்டுத் தூங்கும் வைரஸ் எப்படிக் குற்றவாளியாகும் என்று கேட்கிறார். புகைபிடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் புற்று வருவதில்லை என்பதால் புகையிலையை விடுவித்துவிட முடியுமா என்று அவருடைய முதல் பாதிக்குக் கேட்டுவிட்டு, இரண்டாம் பாதிக்கு வருகிறேன். அதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த வைரஸ் தூங்குவதாகத் தெரிந்தது, பார்த்தவர்கள் புரதத்தை மட்டும் தேடியதால். மாட்டின் எதிர்ப்புச் செல்கள் வைரஸ் புரதத்தைக் கண்டால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். எனவே புரதத்தை அடக்கி வைத்திருக்கும் செல்களே தப்பிப் பிழைக்கின்றன. மௌனம் அதன் பிழைப்புமுறை. ஆனால் அந்த மௌனத்துக்குள்ளும், புரதமாகாத நுண் ஆர்.என்.ஏ.க்களை அது ஏராளமாக உற்பத்தி செய்கிறது என்பது 2012இலும் 2013இலும் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது. எதிர்த்திசையில் படியெடுக்கப்படும் நீண்ட ஆர்.என்.ஏ.க்களும் பின்னர் அகப்பட்டன. 2017இல் இந்த மாட்டு வைரஸையும் அதன் மனித உறவான எச்.டி.எல்.வி.-1ஐயும் சேர்த்துப் பார்த்தவர்கள், கட்டிகளில் புரோவைரஸ் உட்காரும் இடங்கள் புற்றைச் செலுத்தும் மரபணுக்களின் அண்டையில் குவிந்திருப்பதையும், அந்த அண்டை மரபணுக்களை அது குலைப்பதையும் காட்டினார்கள். புரதம் இல்லை, ஆகவே செயல் இல்லை என்ற சூத்திரம் அங்கே செத்தது. அந்த நுட்பம் 1987இல் இல்லையே என்று அவருக்காக வாதாடலாம். அப்படியானால் தெரியவில்லை என்று எழுதியிருக்க வேண்டியவர், இல்லை என்று எழுத எங்கிருந்து உரிமை பெற்றார்?

பரிணாமத்தின் கோணத்தில் பார்த்தால் இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. ரெட்ரோவைரஸ் என்றாலே பிழைமிகுந்த நகலெடுப்பு, வேகமான உருமாற்றம் என்று பழகிய நமக்கு, மாட்டு லுகேமியா வைரஸ் கண்டம் தாண்டியும் அதிகம் மாறாமல் இருப்பது விந்தை. காரணம் எளிது. அது புதிய செல்களைத் தொற்றிப் பெருகுவதைவிட, தான் குடியேறிய செல்லையே பிளந்து பெருக வைத்துத் தன் பிரதிகளைக் கூட்டுகிறது. அப்போது நகலெடுப்பது வைரஸின் கவனமற்ற நொதி அல்ல, மாட்டின் சொந்த, கவனமான நொதி. அதாவது குடியேறிய செல் இரட்டிப்பதே இந்த வைரஸின் இனப்பெருக்கம். வெள்ளையணுப் பெருக்கத்தையே வாழ்வாக்கிக்கொண்ட உயிரி, வெள்ளையணுப் புற்றில் தற்செயல் பயணியாக அகப்பட்டது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நோய்க்காரணியைச் சோதிக்கப் பழையதும் கறாரானதுமான வழி, அதை நீக்கிப் பார்ப்பது. டென்மார்க்கும் பின்லாந்தும் பிரிட்டனும் அதைச் செய்தன. பரிசோதித்து, தொற்றிய மாடுகளைக் கழித்து, மந்தை மந்தையாகச் சுத்தம் செய்தன. பிரிட்டன் 1999 முதல் இந்த நோயற்ற நாடு என்ற தகுதி பெற்றது. வைரஸ் போனது, மந்தைக்கு மந்தை தொற்றிய அந்தப் புற்றும் போனது. ஆனால் கன்றுகளுக்கும் இளம் மாடுகளுக்கும் அபூர்வமாக வரும் வேறுவகை நிணநீர்ப் புற்று, இந்த வைரஸோடு தொடர்பே இல்லாதது, அங்கே போகவில்லை. இதைவிடச் சுத்தமான ஒப்பீட்டை எந்த ஆய்வுக்கூடத்தில் அமைக்க முடியும்? நாடுகள் கழித்தது வைரஸைத்தான். குரோமோசோம் குழப்பத்தை எந்தக் கால்நடை மருத்துவரும் சோதித்துக் கழிக்கவில்லை. அமெரிக்கா இதைச் செய்யவில்லை. 2007இல் அங்கே பால்பண்ணைகளில் நூற்றுக்கு 83.9இல், பண்ணையின் மொத்தப் பால் தொட்டியிலேயே இந்தத் தொற்றின் அடையாளம் இருந்தது. கட்டி வரும் வயதுக்கு முன்பே பெரும்பாலான மாடுகள் கறிக்குப் போய்விடும் தொழிலில் வைரஸைப் பயணி என்று நம்புவது வசதி. விலை கொடுத்து வைரஸை ஒழிப்பது செலவு. டியூஸ்பெர்க் அந்தத் தொழிலுக்காக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாதத்தால் யாருக்கு நிம்மதி என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். (எதிர்ப்பக்கத்தில் மிகைப்பவர்களும் உண்டு. இந்த வைரஸை மனிதரின் மார்பகப் புற்றோடு இணைத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது; மறு ஆண்டே 51 மார்பகக் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியை அலசியவர்கள் அதில் ஒன்றிலும் இந்த வைரஸ் இல்லை என்று காட்டினார்கள். சான்றுக்குத் தலைவணங்குவது என்றால் இரு பக்கமும் வணங்க வேண்டும்.)

அடுத்தது ஆடு. ஜாக்சீக்டே என்ற செம்மறி வைரஸ் டியூஸ்பெர்க்கின் சட்டத்தை நடுவில் பிளக்கிறது. அவருடைய உலகில் இரண்டே சாதி: திருடிய புற்று மரபணு கொண்ட வைரஸ் கொல்லும், கொள்ளாத வைரஸ் கொல்லாது. ஜாக்சீக்டே வைரஸிடம் திருட்டு மரபணு எதுவும் இல்லை. அதன் உறைப் புரதமே, செல்லுக்குள் நுழைய அது வைத்திருக்கும் அந்தச் சாவியே, நுரையீரல் செல்லைப் புற்றாக்குகிறது. 1999இல் குளோன் செய்த தூய வைரஸை ஆட்டுக்குட்டிகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி நுரையீரல் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். உடன் வேறு கிருமி இல்லை, பண்ணைச் சூழல் இல்லை. 2005இல் அந்த உறைப் புரதத்தின் மரபணுவை மட்டும் எலியின் நுரையீரலுக்குள் கொண்டுபோனார்கள். எலிக்கும் கட்டி வந்தது. திருட்டு மரபணு எங்கே என்று கேட்பவர் இங்கே எதைத் தேடுவார்? தாமதம் எங்கே என்று தேடினால் அதுவும் அகப்படாது. வீரியமான வைரஸைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினால் சில வாரங்களிலேயே கட்டி வந்துவிடுகிறது. நகலி ஆடு டாலியை உலகம் அறியும். 1996இல் பிறந்த அதை 2003 பிப்ரவரி 14 அன்று கருணைக்கொலை செய்ய நேர்ந்தது இந்த வைரஸ் உண்டாக்கிய நுரையீரல் கட்டியால்தான். நகலெடுப்பால் வந்த அகால மூப்பு என்று பேசத் துடித்தவர்கள் இருந்தார்கள். அதே பண்ணையில் நகலெடுக்காத சாதாரண ஆடுகளும் அதே கட்டியால் செத்திருந்தன.

ஐஸ்லாந்தின் கதை இதைவிடக் கொடியது. 1933இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து இருபது கராகுல் ஆடுகளை அங்கே இறக்குமதி செய்தார்கள். பார்வைக்கு ஆரோக்கியமான ஆடுகள். நூற்றாண்டுக் கணக்கில் தனித்து வளர்ந்த ஐஸ்லாந்து மந்தைகளுக்குள் அவை நோய்களைக் கொண்டுவந்து இறக்கின. அவற்றில் ஒன்று ஜாக்சீக்டே நுரையீரல் புற்று. முதலில் டெய்ல்டார்துங்கா பண்ணையில் வெடித்து மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. கடைசியில் வேலி போட்டு, நோய்ப்பகுதிகளின் ஆடுகளை மொத்தமாக வெட்டி, நோய் எட்டாத பகுதிகளிலிருந்து புது ஆடுகளைக் கொண்டுவந்து நிரப்பித்தான் 1952இல் அந்தப் புற்றை நாட்டைவிட்டே ஒழித்தார்கள். கப்பலில் வந்து, பண்ணைக்குப் பண்ணை நடந்து, வேலிக்கு முன்னால் நின்ற அந்தப் பொருளுக்குக் குரோமோசோம் குழப்பம் என்று பெயர் சூட்டினால் ஐஸ்லாந்தின் ஆயர்கள் ஏற்பார்களா?

இப்போது அவருடைய மிகச் சாமர்த்தியமான வாதம். எல்லா விலங்குகளின் மரபணுத் தொகுதியிலும் ரெட்ரோவைரஸ்கள் பரம்பரைச் சொத்தாக இறங்கி வருகின்றன. இவ்வளவு பரவலானவை இயல்பிலேயே சாதுவானவையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். தழும்பைக் காட்டிக் காயமே படவில்லை என்று சாதிக்கும் வாதம் இது. செம்மறியின் மரபணுத் தொகுதியில் ஜாக்சீக்டே வைரஸின் உறவுகள் குறைந்தது 27 குடியிருக்கின்றன. அவற்றின் வரலாற்றை 2007இல் வரிசைப்படுத்திப் பார்த்தபோது தெரிந்தது சாதுத்தனம் அல்ல, போர். அவற்றில் ஒன்றின் உள்கூட்டுப் புரதத்தில் 21ஆவது அமினோ அமிலம் மாறி, வெளியிலிருந்து வரும் கொடிய உறவின் துகள்கள் செல்லைவிட்டு வெளியேற விடாமல் மறிக்கும் காவலாளி ஆகியிருந்தது. ஆடு வீட்டுவிலங்கான காலத்தை ஒட்டி அந்தக் காவல் இனத்தில் நிலைபெற்றது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு வைரஸ் அந்தக் காவலையும் தாண்டும் வித்தை கற்றது; அது ஆட்டின் பரம்பரைக்குள் நுழைந்து இருநூறு ஆண்டு ஆகியிருந்தால் அதிகம் என்பது அவர்கள் மதிப்பீடு. சில உறவுகள் கருப்பைக்குள் வேலைக்கே அமர்ந்துவிட்டன. அவற்றின் உறைப் புரதத்தை 2006இல் செயலிழக்கச் செய்தபோது கருவின் வெளியுறை வளரவில்லை, சினை கலைந்தது. ஆட்டினம் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனது என்பதையே இந்தப் பரம்பரை வைரஸ்களின் வரிசையை வைத்து 2009இல் வரைந்துவிட்டார்கள். இன்னொரு கொடுமையும் உண்டு. கருவிலேயே இந்த உறவுகளின் புரதத்தைப் பார்த்துப் பழகிய செம்மறியின் எதிர்ப்புசக்தி, கொடிய வைரஸைச் சொந்தக்காரன் என்று விட்டுவிடுகிறது. அதனால் நோயுற்ற ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. சாது உறவே கொலைகாரனுக்கு மறைப்பாக நிற்கிறது. இந்த நுட்பத்தையெல்லாம் 'எங்கும் இருக்கிறது, எனவே தீங்கில்லை' என்ற ஒற்றை வரியில் அடக்குவது அறிவியலா, சோம்பலா?

கோழியிலும் இதே பாடம்தான். பரம்பரையாக வரும் 'ஈ' உட்பிரிவு வைரஸ் புற்று உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்து தொற்றும் உறவு உண்டாக்குகிறது. இரண்டும் நெருங்கிய சொந்தம். வித்தியாசத்தில் பெரும்பங்கு முன்சொன்ன முடுக்கியில் இருக்கிறது: சாதுவினுடையது பலவீனமானது, மற்றதனுடையது பலமானது. முடுக்கி மாறினால் விளைவு மாறுகிறது என்பதற்கு மேல் காரணகாரியம் என்று எதைக் கேட்பார்? 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் கறிக்கோழி இனத்தில் முதன்முதலாகப் பிடிபட்ட 'ஜே' வைரஸோ, கோழியின் மரபணுத் தொகுதியிலேயே உறங்கிய ஒரு பழைய வைரஸ் குடும்பத்தின் உறை மரபணுவுக்கு நெருங்கிய உறவான உறையை அணிந்துகொண்டு வந்தது. பத்தாண்டுக்குள் உலகின் கறிக்கோழித் தாய்மந்தைகளில் பரவியது. பின்னர் சீனாவில் முட்டைக்கோழிகளையும் நாட்டினங்களையும் பிடித்தது. சாதுவானவை என்று அவர் கைகாட்டிய கிடங்கிலிருந்துதான் ஆயுதம் எடுக்கப்பட்டிருக்கிறது.

திருட்டு மரபணு கொண்ட வைரஸ்கள் ஆய்வுக்கூட விபத்துகள், இயற்கையில் அவற்றுக்கு இடமில்லை என்றும் ஒரு துணைவாதம் உண்டு. ரவுஸின் கோழி விவசாயி ஒருவர் பண்ணையிலிருந்து தூக்கிவந்தது. திருட்டு மரபணுவே இல்லாத 'ஜே' வைரஸ் பெருகிய கோழியிலிருந்து, 'மிக்'கைத் திருடி ஏந்திய '966' என்ற வேகப் புற்று வைரஸ் பிறந்தது. மெதுவான சாதிதான் வேகமான சாதியைப் பெறுகிறது. இரண்டுக்கும் நடுவே டியூஸ்பெர்க் எழுப்பிய சுவரைக் கோழி தாண்டிவிட்டது.

மனிதக் கைக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவர் காட்டும் இடத்தில் இல்லை. கோழிகளையும் வான்கோழிகளையும் பிடிக்கும் ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் வைரஸின் மரபுவழியை 2013இல் தேடிப் போனவர்கள், அதன் மூதாதை பறவை வைரஸே அல்ல, பாலூட்டிகளுடையது என்று கண்டார்கள். நெருங்கிய உறவு மடகாஸ்கரின் கீரி இனம் ஒன்றில் அகப்பட்டது. பறவைக்குள் அது தாவியது எப்போது? 1930களில் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக்காட்சியகத்தின் ஒரு போர்னியோ ஃபெசன்ட் பறவையிலிருந்து எடுத்த மலேரியாக் கிருமியைப் பறவைக்குப் பறவை ரத்தத்தோடு ஊசிவழி மாற்றி வளர்த்த ஆய்வுகளின்போதுதான் என்பது அவர்கள் சான்றுகளை அடுக்கிச் சொல்லும் முடிவு. அங்கிருந்து கோழி அம்மை வைரஸின் உடலுக்குள்ளேயே புகுந்துகொண்டது. இன்று பண்ணைகளில் திரியும் கோழி அம்மை வைரஸ்கள் பல, முழு அளவிலான அந்த ரெட்ரோவைரஸைச் சுமந்தே திரிகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸில் அழிவின் விளிம்பிலிருக்கும் ஆட்வாட்டர் புல்வெளிக்கோழிகளைக் காக்க அடைத்து வளர்த்த மந்தைகளிலும் அது புற்று விதைத்தது. ஆராய்ச்சியாளரின் ஊசி ஒரு வைரஸை ஒரு விலங்கு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தியிருக்கிறது. பொறுப்பை நேர்மையாகப் பேச விரும்பும் ஒருவருக்கு இங்கே எவ்வளவு இருக்கிறது! தீங்கற்ற பயணி என்று சொல்பவருக்கோ இதில் பேச ஒன்றுமே இல்லை.

அவர் சரியாகச் சொன்னதை மறைப்பது என் வேலையல்ல. வைரஸ் ஏந்திய 'சார்க்'கும் செல்லின் சொந்த 'சார்க்'கும் ஒன்றல்ல. சாதாரண 'சார்க்'கை வைத்துக்கொண்டு எல்லோரும் புற்றோடு பிறக்கிறோம் என்று சிலர் அன்று அவசரப்பட்டுப் பேசியபோது அவர் எதிர்த்து நின்றது நியாயம். ஆனால் வித்தியாசம் என்ன என்பது அதே 1987இல் வெளிவந்தது. செல்லின் 'சார்க்' புரதத்தின் வாலில் 527ஆவது இடத்தில் உள்ள டைரோசின் ஒரு தாழ்ப்பாள். வைரஸின் பிரதியில் அந்த வால் இல்லை. செல்லின் சொந்தப் புரதத்திலும் அந்த ஒன்றை மாற்றினால் புற்றாக்கும் வீரியம் எழுகிறது. சொந்த மரபணு ஒரே மாற்றத்தில் கொடியதாகும் என்று அவருடைய கண்ணெதிரே காட்டிய பிறகும் அவர் தம் வரியை மாற்றவில்லை. கட்டிகளில் குரோமோசோம் எண்ணிக்கை குழம்பியிருப்பதும் உண்மைதான். அது புற்றின் பயணத்தில் ஒரு கட்டம். வைரஸின் பங்கை ரத்து செய்யும் உத்தரவு அல்ல.

தனித்து நிற்பதையே சான்றாகக் காட்டுவது அவர் ஆதரவாளர்களின் கடைசிப் புகலிடம். ரவுஸுக்கும் ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து 1966இல்தானே நோபல் கொடுத்தார்கள் என்பார்கள். ரவுஸின் கையில் வடிகட்டிய சாறு இருந்தது. யாரும் எடுத்து ஊசி போட்டுப் பார்க்கலாம், கட்டி வரும். அதே ரவுஸ் தம் நோபல் உரையிலேயே செல்லின் மரபணு மாற்றத்தால் புற்று வருகிறது என்ற கருத்தைச் சாடினார், அதில் தோற்றார். பத்தே ஆண்டில், 1976இல், பிஷப்பும் வார்மஸும் சகாக்களும் 'சார்க்'கின் மூலத்தைச் சாதாரணக் கோழியின் டி.என்.ஏ.விலேயே கண்டெடுத்தார்கள். ரவுஸ் வென்றது சாற்றால், தோற்றது பேச்சால். இந்தச் சண்டையில் டியூஸ்பெர்க்கின் கையில் இருந்தது பேச்சு மட்டுமே.

அந்தப் பேச்சு ஆய்விதழோடு நின்றிருந்தால் இத்தனை கோபம் தேவைப்பட்டிருக்காது. 2000இல் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கி அமைத்த ஆலோசனைக் குழுவில் டியூஸ்பெர்க் உட்கார்ந்தார். வைரஸ் பயணி, மருந்தே நஞ்சு என்ற நிலைப்பாட்டுக்கு அங்கே அரசின் காது கிடைத்தது. எச்.ஐ.வி. மருந்துகள் தாமதமாயின. அந்தத் தாமதத்தால் போன உயிர்கள் 3,30,000க்கு மேல் என்று 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தாயிடமிருந்து தொற்றைப் பெற்றுப் பிறந்த குழந்தைகள் 35,000. தடுத்திருக்கக்கூடிய பிறப்புத் தொற்று அது, மலிவான மருந்தால். கோழியும் மாடும் ஆடும் 1987க்கு முன்பிருந்தே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றைக் கேட்டிருந்தால் உம்பெக்கியின் குழுவில் அந்த நாற்காலியில் உட்கார அவரிடம் வாதமே இருந்திருக்காது.